லேசர் பண்ணிக்கலாமா? முதல்ல கார்னியாவைக் கேளுங்க!

கண்ணாடியைக் கழற்றி எறியணும்னு முடிவு பண்ணின உடனே நம்ம மக்கள் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "எந்த மெஷின்?" பொண்ணு பார்க்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடுமாங்கிறது மூணாவது. (மாப்பிள்ளை மட்டும் சோடாபுட்டியோட வரலாம், அது வேற கதை :-) ) "என் கார்னியா எப்படி வளைஞ்சிருக்கு?"னு கேட்கிற ஆள் அபூர்வம். ரிசல்ட்டில் பெரும் பங்கு அதுக்குத்தான்.

கார்னியாங்கிறது கண்ணுக்கு முன்னால வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருக்கிற படலம். நடுவில் சராசரியா 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். லாசிக்கில் மேலே சுமார் 110 மைக்ரானுக்கு ஒரு ஏடு எடுத்து மடிச்சு வெச்சுட்டு, கீழே லேசரால சீவுறாங்க. ஒரு பவருக்குத் தோராயமா 12-லிருந்து 15 மைக்ரான் காலி. அடியில் குறைஞ்சது 250 மிஞ்சணும்கிறது பழைய கணக்கு. 300 வேணும்னு சொல்ற டாக்டர்களும் உண்டு. 540 இருக்கிறவருக்கு மைனஸ் 5 ஒண்ணும் பெரிசில்லை. 480 இருக்கிறவருக்கு மைனஸ் 8-ன்னா கணக்கு சரியா 250-ல் வந்து முட்டும். சீவினது திரும்ப வளராது. காமர்ஸ் பாஷையில சொன்னா, வட்டியில் வாழறது இல்லை, முதலை எடுத்துச் சாப்பிடறது.

இது தடிமன் மட்டும். சாதாரண கார்னியாவோட வளைவு 43, 44 டயாப்டர். மைனஸ் பவரைச் சரிபண்ணினா அது தட்டையாகும். ஏற்கனவே 40-ல் இருக்கிறவர் மைனஸ் 8-க்குச் சீவிக்கிட்டா 34 பக்கம் இறங்கிடும். பகல்ல போர்டு எழுத்து பளிச்சுனு தெரிஞ்சாலும், ராத்திரி ஹெட்லைட்டைச் சுத்தி வளையம் தெரியலாம்.

எல்லாத்தையும்விட மோசம், கார்னியா கூம்பாகிற கெரட்டோகோனஸ். ஆரம்பத்தில் ஆளுக்கே தெரியாது. டோபோகிராபி கலர் மேப்பில்தான் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் மட்டும் சிவப்பாத் துருத்தும். தடிமன் போதுமானதா இருந்தாலும், இந்தக் கண்ணைச் சீவினா மாசங்களோ வருஷங்களோ கழிச்சு கார்னியா முன்னால பிதுங்கலாம். 1998-லேயே தியோ சைலர் குழு இதை எழுதிட்டாங்க. அப்புறம் ஹார்ட் லென்ஸ், கிராஸ்லிங்கிங், ரொம்ப முத்தினா கார்னியா மாற்று. கண்ணாடி வேண்டாம்னு போனவருக்கு இதெல்லாம் தேவையா?

எக்ஸைமர் லேசர் திசுவைக் கருக்காமல் சீவும்னு 1981-ல் ஐபிஎம்மில் கண்டுபிடிச்ச மூணு பேரில் ஒருத்தர் மெட்ராஸில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆனா எந்தக் கண்ணைச் சீவலாம்கிறதை லேசர் சொல்லாது, மேப்தான் சொல்லணும்.

அதனால தள்ளுபடி நோட்டீஸைப் பார்க்கிறதுக்கு முன்னால அந்த மேப்பை பிரிண்ட் கேட்டு வாங்குங்க. காண்டாக்ட் லென்ஸ் போடறவங்க டாக்டர் சொல்ற நாள் கணக்குக்கு அதைக் கழற்றி வெச்சுட்டுப் போகணும், லென்ஸ் அழுத்தின கார்னியா பொய் சொல்லும். "உங்களுக்கு ஒத்து வராது"ன்னு ஒரு டாக்டர் சொன்னா, சரின்னு சொல்றவர் கிடைக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறாங்க பாருங்க, அதுதான் புரியலை. வேண்டாம்னு சொன்னவர் ஒரு ஆபரேஷன் வருமானத்தையே விட்டுட்டு சொல்லியிருக்கார்!