ஆவி படியாத கண்ணாடி வேணும், சேட்டா!

கரூர்க்காரனான எனக்குப் புழுக்கம்னா என்னன்னு திருவனந்தபுரம் வந்த பிறகுதான் தெரிஞ்சுது. ஊர்ல வேர்வை காத்துலயே காஞ்சுடும். இங்க சாயங்காலம் டெக்னோபார்க் வாசல்ல நின்னு பாருங்க. ஏசியை விட்டு வெளிய வந்த உடனே கண்ணாடி வெள்ளையா மூடிக்கும், ஆளாளுக்குச் சட்டை நுனியால துடைச்சுட்டு நிப்பாங்க. நடந்து போறவங்களுக்கு அது சிரிப்பு. சைக்கிள்ல போறவங்களுக்கு?

போன ஜூன் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, மகளும் நானும் கவடியார்ல இருந்து வெள்ளயம்பலம் பக்கம் சைக்கிள்ல வந்துட்டிருந்தோம். எட்டாவது படிக்கிறா, பவர் மைனஸ் 3. சிக்னல்ல நின்னு திரும்பிப் பார்த்தா, முகத்துல கண்ணாடியக் காணோம்.

"பாக்கெட்ல இருக்குப்பா. சும்மா சும்மா ஆவி படியுது."

"எத்தனை நாளா இப்படி?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்து."

எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. மைனஸ் 3ன்னா 33 சென்டிமீட்டரைத் தாண்டின எல்லாமே மங்கல். ஒரு முழம்கூட இல்லை. பள்ளத்துல தண்ணி நிக்குதா, முன்னாடி போற ஆட்டோ பிரேக் போடுதா, எதுவும் சரியாத் தெரியாது. மூணு வாரமா என் பின்னாலயே அப்படி வந்திருக்கா, நான் ஹெல்மெட் வார் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டிருந்திருக்கேன்.

மறுநாளே கடைக்கு ஓடினேன். முகத்தை ஒட்டி வளைஞ்ச ஸ்போர்ட்ஸ் ஃபிரேம், உள்பக்கம் பவர் லென்ஸைத் தனியா மாட்டிக்கிற வகை. "ஆன்டி-ஃபாக் உண்டு சாரே, ஒரு குழப்பமும் இல்லா"ன்னார் சேட்டன். 6,000 ரூபாய். (வீட்டுல சொன்ன தொகை வேற, அதை விடுங்க.) ரெண்டே ஞாயிறுல தெரிஞ்சுது, இது பழசை விட மோசம்.

யோசிச்சுப் பார்த்தா காரணம் எளிசு. முகத்துல இருந்து சூடா, ஈரமா கிளம்புற காத்து, அதைவிடக் குளிர்ச்சியான லென்ஸ்ல பட்டதும் பொடிப்பொடித் துளியாப் படியுது. ஊர்க் காத்து வறண்டது, அந்த ஈரத்தைக் குடிச்சுடும். இங்க மழைக்கால விடிகாலைக் காத்தே தண்ணியில ஊறின மாதிரி, இன்னும் எங்க குடிக்கும்? அப்போ அந்த ஈரத்தைத் தள்ளிட்டுப் போக ஓட்டம் ஒண்ணுதான் வழி. ஒட்டின ஃபிரேம் அந்த ஓட்டத்தையே அடைச்சுடுது. போதாததுக்கு ரெண்டு லென்ஸ் நடுவுல ஒரு பொந்து. உள்ள படிஞ்சதை ஓட்டிட்டே துடைக்கவும் முடியாது.

ஆன்டி-ஃபாக் பூச்சு பொய்யின்னு சொல்லலை. துளியா நிக்காம தண்ணியை மெல்லிய படலமாப் பரப்பிவிடும், அவ்வளவுதான் அதோட வேலை. சட்டையால துடைக்கத் துடைக்கத் தேஞ்சு போகும். பொன்முடி ஏத்தத்துல 22 கொண்டை ஊசி வளைவு. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்துல உருட்டுறப்ப எதிர்க்காத்தே இருக்காது, வேர்வை மட்டும் ஊத்தும். அங்க எந்தப் பூச்சும் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கலை, இது என் அனுபவம்.

அதனால என் கட்சி இதுதான்: முதல்ல இடைவெளி, பூச்சு அப்புறம். அதிகம் வளையாத ஃபிரேம். புருவத்துக்கும் கன்னத்துக்கும் ஒட்டாம, இமை முடி லென்ஸ்ல உரசாம இருக்கணும். வளைச்சுத் தள்ளிவைக்கிற மாதிரி நோஸ் பேட் இருந்தா நல்லது. பவர் அந்த ஒரே லென்ஸ்லயே. பிள்ளைங்களுக்குப் பாலிகார்பனேட் கேளுங்க, அடிபட்டா சுலபமா உடையாது. பவர் கூடினா ஓரத்துல நிறம் பிரியுதுன்னு சிலர் சொல்லுவாங்க, அவங்களுக்கு ட்ரைவெக்ஸ் இருக்கு, விலைதான் கொஞ்சம் கூட. மழைக்காலத்துக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

"ஸ்கூலுக்கு ஒண்ணு, சைக்கிளுக்கு ஒண்ணா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா நம்ம வீடுகள்ல கண்ணாடின்னா போர்டுல எழுதினது தெரியணும், அதுக்கு மட்டும்தான். டியூஷனுக்குக் கணக்குப் பார்க்காத நாம, ரோட்டுல பிள்ளைக்கு என்ன தெரியுதுன்னு கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கிறதில்லை. நானும் கேட்கலையே.

இப்போ மகள் போடுறது சாதாரண ஃபிரேம், பாலிகார்பனேட் லென்ஸ், பின்னால ஒரு வார். சிக்னல் வந்தா மூக்கு நுனிக்கு இறக்கிடுவா, பச்சை விழுந்ததும் ஏத்திக்குவா. ஆவி இப்பவும் படியுது. நாலு மிதி மிதிச்சா போயிடுது, பாக்கெட்டுக்குப் போகலை.

சிங்கப்பூர், மஸ்கட் மக்களே, ஏசியும் புழுக்கமும் உங்களுக்கும் உண்டே. உங்க வீட்டு வாண்டுகள் கண்ணாடியோடதான் ஓட்டுறாங்களான்னு ஒருதடவை திரும்பிப் பார்த்துட்டு வந்து எழுதுங்க.