ராடு நமக்கா, நாம் ராடுக்கா?

‘டெட்லிஃப்ட்’ என்றதும் பயில்வான்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வாசலில் இறக்கிவிட்டுப் போன கேஸ் சிலிண்டரைக் குனிந்து தூக்கி நிமிர்கிறீர்களே, அதுதான் டெட்லிஃப்ட். நிரம்பிய சிலிண்டர் சுமார் 30 கிலோ. பனமலை ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லை 75 கிலோ மூட்டையாகக் கட்டி, களத்திலிருந்து தூக்கிவிடுகிறவர்கள் செய்வதும் அதேதான். ஜிம்மில் மூட்டைக்குப் பதிலாக இரும்பு ராடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

“இந்த வயசுல நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?” என்பீர்கள். பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் பாட்டி, பேரன்களைப் பார்த்துப் பழகி, 2024-ல் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ தூக்கினார். அப்போது அவருக்கு வயது 82! ஆஸ்திரேலியாவில் எலும்பு தேய ஆரம்பித்த, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், டெட்லிஃப்ட் உள்ளிட்ட கனமான பயிற்சிகள் கொடுத்தார்கள். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். 8 மாதத்தில் அவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவிகிதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 சதவிகிதம் குறைந்தது. இது 2018-ல் வெளியான முடிவு. ஆக, நம் வீட்டு அம்மாக்களுக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, எந்த ராடு வாங்குவது? இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம்.

‘டெட்லிஃப்ட் பார்’ என்றே தனியாக ஒன்று விற்கிறார்கள். பெயரைக் கேட்டதும், “இதுதானே நமக்கு வேணும்” என்று தோன்றும். தோன்றக்கூடாது! அது போட்டிக்காரர்களுக்கானது. 27 மில்லிமீட்டர் தடிமன், கொஞ்சம் கூடுதல் நீளம். 200 கிலோவுக்கு மேல் மாட்டி இழுத்தால் நடுவில் வில் மாதிரி வளைந்து, அதன் பிறகே எடை தரையை விட்டுக் கிளம்பும். நீங்கள் மாட்டப்போகிற 40 கிலோவுக்கு அது அசைந்துகூடக் கொடுக்காது. கொடுத்த காசு தண்டம்.

நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு ஏற்றது ‘ட்ராப் பார்’ என்பதுதான் என் கட்சி. அறுகோணச் சட்டம் போல இருக்கும். அதற்குள்ளே நின்று, இரண்டு பக்கப் பிடிகளையும் பற்றித் தூக்க வேண்டும். நேர் ராடு எப்போதும் காலுக்கு முன்னால்தான் இருக்கும். பாரம் எவ்வளவு முன்னால் போகிறதோ, இடுப்புக்கு அவ்வளவு சிரமம். ட்ராப் பாரிலோ இரண்டு கையிலும் தண்ணீர் பக்கெட் தூக்குகிற மாதிரி பாரம் உடம்பின் இரு பக்கமும் நிற்கும். பவர்லிஃப்டர்களை வைத்து நடத்தி 2011-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: கீழ்முதுகில் விழும் சுமை குறைகிறது, முழங்காலுக்கு வேலை கூடுகிறது. அதனால் முட்டி வலிக்காரர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பிடி இரண்டு உயரத்தில் உள்ளதா என்று பாருங்கள். உயரமான பிடியில் தொடங்கினால் அதிகம் குனிய வேண்டாம். வெறும் ட்ராப் பாரே 20 கிலோ, அதற்கு மேலும் இருக்கும். கடையிலேயே எடை கேட்டு, தூக்கிப் பார்த்து வாங்குங்கள். நேர் ராடுதான் வேண்டும் என்கிற பெண்களுக்கு 25 மில்லிமீட்டர் தடிமனில், 15 கிலோவில் தனி ராடு இருக்கிறது. சின்னக் கைக்கு அடக்கமாக இருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் ராடு கிடக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். போட்டி பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதில் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். வீட்டு செட்டில் வரும் சின்ன பிளேட்டில் அது கணுக்கால் பக்கம் போய்விடும். முதுகை வளைக்காமல் எடுக்கவே முடியாது. இரண்டு பக்க பிளேட்டுக்கு அடியிலும் கனமான பலகையை அடுக்கி உயர்த்திக்கொள்ளுங்கள். செலவில்லாத வைத்தியம்!

டிஸ்க் கோளாறு, குடலிறக்கம், ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே ராடு பக்கம் போக வேண்டும். மற்றவர்களும் முதல் சில வாரம் தெரிந்தவர் முன்னால் குறைந்த எடையில் பழகுங்கள். மூச்சை அடக்கி முக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் வாங்கினான் என்பதற்காக நாமும் அதே ராடை வாங்குவது, அவன் செருப்பைப் போட்டு நடப்பது மாதிரிதான். உங்கள் இடுப்பு என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதை அப்புறம் கேட்கலாம்.