படத்தில் மாதுளை, பாட்டிலில் சர்க்கரை

போன வாரம் ஒரு பெரிய கடையில் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தேன். முன்பக்கம் இரண்டாகப் பிளந்த மாதுளை, முத்து முத்தாய். 'மாதுளை மொலாசஸ்' என்று பெயர். திருப்பினால், எறும்பு சைஸ் எழுத்தில்: குளுகோஸ் பாகு, தண்ணீர், சிட்ரிக் அமிலம், மாதுளைச் சாறு, நிறமி. எடை அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் 'மற்றும் பலர்' வரிசையில் வந்த கதைதான்!

அசல் எப்படி இருக்கும் தெரியுமா? துருக்கியில் அதற்கு 'நார் எக்ஷிசி' என்று பெயர். நார் என்றால் மாதுளை, எக்ஷி என்றால் புளிப்பு. 2023 பிப்ரவரி பூகம்பத்தில் நொறுங்கிப்போன அந்தாக்யா பக்கமெல்லாம் இது வீட்டுச் சரக்கு. புளிப்பு மாதுளையை உதிர்த்து, பிழிந்து, வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் மணிக்கணக்காக வற்ற வைப்பார்கள். சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது. நாலரை பங்கு சாறு சுண்டி ஒரு பங்காகும். ஒரு கிலோ பாகுக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ பழம். நமக்கு ரசத்துக்குப் புளி மாதிரி, அவர்களுக்கு உடைத்த கோதுமை சாலட்டுக்கு இது. நிறம்? நம் புளிக்காய்ச்சல் போல அடர் பழுப்பு. பாட்டில் பளிச்சென்று சிவந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

துருக்கியிலேயே பல வருஷமாக இதன் பக்கத்தில் 'நார் எக்ஷிலி சாஸ்' என்று ஒன்றை விற்றார்கள். மாதுளைப் புளிப்பு 'சேர்த்த' சாஸாம். சி-க்குப் பதில் லி. ஒரே எழுத்து, மொத்தப் பழமும் காணாமல் போச்சு!

'அது அந்த ஊர் சமாச்சாரம்' என்கிறீர்களா? நம் உணவுப் பாதுகாப்பு விதிகளை (2011) பாருங்கள். 'பழ சிரப்' என்று பெயர் வைக்க 25 சதவீதம் சாறு இருந்தால் போதும். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் முக்கால் பங்கு வேறு சரக்காக இருக்கும் பாட்டிலுக்குக் கால் பங்குக்காரன் பெயரா? 2024 ஜூனில்தான், அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரித்ததை '100 சதவீதப் பழச்சாறு' என்று விற்காதே என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அதுவரை நாம் எதை நம்பிக் குழந்தைக்கு ஊற்றிக் கொடுத்தோம்?

'எல்லாராலும் 10 கிலோ மாதுளை விலை கொடுக்க முடியுமா சார்? மலிவாகக் கிடைக்கட்டுமே' என்பார்கள். தாராளமாகக் கிடைக்கட்டும். 'புளிப்புச் சர்க்கரைப் பாகு' என்று எழுதி விற்கட்டும், யார் வேண்டாம் என்றது? பெயரைத் திருடும்போதுதான் வயிறு எரிகிறது. ஏனென்றால், நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவள் சொல்லும் விலை உங்களுக்கு அநியாயமாகத் தெரிகிறது. போலி அவளை ஏமாற்றுக்காரி ஆக்கிவிடுகிறது.

அதே மூச்சில் இன்னொன்று. அசல் பாகு என்றதும் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். சாறு சுண்டச் சுண்ட அதிலிருக்கும் சர்க்கரையும் அடர்த்தியாகும். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்றால் 'சர்க்கரை இல்லை' என்று அர்த்தமில்லை. ஸ்பூன் கணக்குச் சாமான் அது, டம்ளர் கணக்கு இல்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. முன்பக்கத்தில் பழப் படம் எவ்வளவு பெரிசோ, பழத்தின் சதவீதத்தையும் அவ்வளவு பெரிசாக அச்சடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், எத்தனை லேபிளில் மாதுளை மிஞ்சுகிறது என்று!