பிளேட் மேல் மட்டும் ஏன் பழி?

பழைய புல்லட்டைப் புதுப்பிக்கும்போது கிளட்ச் நழுவினாலோ, முழுதாக விடாவிட்டாலோ, பிளேட் தேய்ந்துவிட்டது, செட்டோடு மாற்று என்கிறார்கள். எப்படியும் கவரைக் கழற்றுகிறோமே என்பது அவர்கள் வாதம். தேய்மானத்தை எதை வைத்துக் கண்டார்கள்?

1. லீவரில் 2-3 மி.மீ. ஆட்டம் இருந்ததா? கேபிள் விறைப்பாக இருந்தால் புது பிளேட்டும் நழுவும்.

2. பிரைமரி கேஸில் என்ன ஆயில்? உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றிவிட்டு பிளேட்டைத் திட்டுவதா?

3. ஸ்பிரிங் நீளத்தை அளந்தீர்களா? தளர்ந்த ஸ்பிரிங் எந்தப் பிளேட்டையும் இறுக்காது.

4. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று யார் பார்த்தார்கள்? வளைந்திருந்தால் கிளட்ச் முழுதாக விடாது. டிரம்மின் காடியில் பள்ளம் விழுந்திருந்தாலும் இதே தொல்லைதான். புது பிளேட்டின் காதும் அதிலேயே போய் மாட்டும்.

வெர்னியரில் தடிமன் குறைந்திருந்தால் தாராளமாக மாற்றுங்கள். கறுத்திருக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள்.