கடன் மறுக்கும் வங்கி காரணத்தைக் கையில் தரட்டும்

வீட்டுக் கடனோ தொழில் கடனோ கேட்டுப் போகிறவர், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ் என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு வங்கிக்குள் நுழைகிறார். அதைப் புரட்டுவதற்கு முன்பே மேலாளர் கணினியில் பான் எண்ணைத் தட்டிவிடுகிறார். "சிபில் சரியில்லையே சார், கொஞ்ச நாள் கழிச்சு வாங்க" என்ற ஒற்றை வரியோடு பல விண்ணப்பங்கள் அந்த மேசையிலேயே முடிந்துபோகின்றன. எந்தக் கடன், எந்த மாதம், எவ்வளவு நிலுவை என்று கேட்டால் தெளிவான பதில் வருவது அரிது. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

அப்படிக் கேட்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, கடனுக்கு விண்ணப்பித்த எவரும் தம்மைப் பற்றி வங்கி வாங்கிப் பார்த்த அறிக்கையின் நகலை அந்த வங்கியிடமே கேட்டுப் பெறலாம். இருபது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்த உரிமை, கிளை மேசைகளில் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. மறுக்கப்பட்டவர் கேட்ட பிறகு தருவது என்றில்லாமல், மறுக்கும்போதே காரணமான பதிவைக் காட்டி ஒரு தாளைக் கையில் தருவதை வங்கிகள் வழக்கமாக்க வேண்டும். ஏனென்றால் அந்த அறிக்கையில் என்னென்ன ஏறுகிறது என்பது, கடன் வாங்குகிறவர் நினைத்துக்கொண்டிருப்பதிலிருந்து வெகுவாக மாறுபட்டது.

முதலில், எழுதுகிறவர் யார்? இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்குகின்றன. 2000-இல் முதலில் வந்தது சிபில் என்பதால் அதன் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. இந்த நிறுவனங்கள் தாமாக எதையும் எழுதுவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கிரெடிட் கார்டு நிறுவனங்களும் அனுப்பும் தகவலைத் தொகுத்து, அதிலிருந்து 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கணக்கிடும் முறை வேறு. ஒரே ஆளுக்கு நான்கு இடங்களில் நான்கு மதிப்பெண்கள் வருவது இதனால்தான். கடன் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வங்கி மட்டுமே.

மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் வரிகளைப் படிப்பவர் குறைவு. ஒவ்வொரு கடனுக்கும் கடைசி 36 மாதங்களுக்கான சிறு கட்டங்கள் சிபில் அறிக்கையில் இருக்கும். கட்டத்தில் 000 என்றால் அந்த மாதம் நிலுவை இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். தொண்ணூறு நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். சம்பளம் ஏழாம் தேதி வரும், தவணை ஐந்தாம் தேதி பிடிக்கப்படும் என்ற நிலையில் உள்ள ஒருவருக்குப் பணம் இருந்தும் மாதாமாதம் தவணை திரும்பிக்கொண்டிருக்கலாம். தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லி வங்கியில் ஒரு கடிதம் கொடுத்தால் தீரக்கூடிய சிக்கல் இது. கட்டங்களைப் பார்க்காதவருக்கு இந்தக் காரணம் கடைசிவரை தெரியாது.

அடுத்தது செட்டில்மென்ட். தொழில் நொடித்தோ நோய் வந்தோ கடன் நின்றுபோனவரிடம், இரண்டு லட்சத்துக்கு ஒன்றேகால் லட்சம் கட்டினால் போதும், கணக்கை முடித்துவிடலாம் என்று வசூல் முகவர் பேசுகிறார். நகையை விற்றுக் கட்டியவர் நிம்மதியாக வீடு திரும்புகிறார். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு முழுவதும் செலுத்தி மூடப்பட்டதாகப் பதிவாவதில்லை. குறைத்துக் கட்டித் தீர்க்கப்பட்டது என்றே பதிவாகிறது. அடுத்து கடன் தரப்போகிற வங்கிக்கு அது எச்சரிக்கைக் குறி. கையெழுத்து வாங்கும் முன் இதை வாயால் சொல்வதற்குக்கூட முகவர்கள் கடமைப்பட்டவர்களாக நடந்துகொள்வதில்லை. இது கண்டிக்கத்தக்கது.

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். மைத்துனரின் வண்டிக் கடனுக்கோ நண்பரின் தனிநபர் கடனுக்கோ உறவுக்காகப் போட்ட கையெழுத்து, போட்டவரின் அறிக்கையிலும் ஒரு கடனாக நிற்கிறது. கடன்காரர் தவணை தவறினால் ஜாமீன்தாரரின் பதிவும் கெடுகிறது. பிள்ளையின் கல்விக் கடனில் இணைக் கடன்தாரராக இருக்கும் தந்தைக்கும் இதுதான் நிலை. படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் பிள்ளை திணறும் மாதங்கள், தந்தை கடைக்குச் சரக்கெடுக்கக் கேட்கும் கடனைத் தடுத்துவிடுகின்றன.

கிரெடிட் கார்டில் இன்னொரு விஷயம். ஒரு லட்சம் ரூபாய் வரம்பில் மாதந்தோறும் தொண்ணூறாயிரம் செலவழித்து ஒரு ரூபாய் பாக்கியின்றிக் கட்டுகிறவர்கூட, வரம்பின் விளிம்பில் வாழ்கிறவராகவே பதிவாகிறார். பில் போடும் நாளில் நிற்கும் தொகைதான் பெரும்பாலும் தகவல் நிறுவனத்துக்குப் போகிறது. வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவை வைத்துக்கொள்வது நல்லது என்று வங்கியாளர்கள் சொல்வது இதனால்தான்.

அவசரத் தேவைக்காக ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் விண்ணப்பித்தால், ஐந்து விசாரணைகளும் அறிக்கையில் ஏறும். கடனுக்காகப் பல இடங்களில் அலைகிறார் என்று அடுத்த வங்கி அதைப் படித்துக்கொள்ளும். தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. குறையும் என்ற பயம் பலரை இன்னும் அதன் பக்கமே போகவிடாமல் வைத்திருக்கிறது.

கைபேசிச் செயலியில் மூவாயிரம் ரூபாய் வாங்கி மறந்துபோனவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. தொகை எவ்வளவு சிறிதானாலும், காலம் எவ்வளவு குறுகியதானாலும், செயலி வழியாகத் தரப்படும் எல்லாக் கடன்களையும் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது. வீட்டுக் கடனைத் தடுக்க மூவாயிரம் ரூபாய் போதும்.

மறுபுறம், அறிக்கையில் ஏறாதவற்றையும் பார்க்க வேண்டும். தெருவில் இருபது ஆண்டுகளாகத் தவறாமல் சீட்டுக் கட்டியவரின் நாணயம் அங்கே இல்லை. அடகுக் கடையில் வைத்த நகையைத் தவறாமல் மீட்டவரின் ஒழுங்கும் இல்லை. வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ வைத்த நகைக் கடன் மட்டும் ஏறும். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, சம்பளம் எவ்வளவு என்பவையும் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில்லை. கடனே வாங்காமல் வாழ்ந்தவர் அதனால் வரலாறே இல்லாதவராக நிற்கிறார். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை, 2025 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் நினைவூட்டியது. கடனுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

தமிழர்களுக்கென்றே ஒரு சங்கடமும் இருக்கிறது. தகவல் நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, பான் எண் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் ஒருவரின் கடன்களைச் சேர்க்கின்றன. நம் பெயரிலோ தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்து நிற்கும். ஆதாரில் எழுத்து மட்டும் இருக்கும். ஒரே ஊரில் ஒரே தலைப்பெழுத்தோடு பல முருகேசன்கள் இருக்கும் நாட்டில் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் விழ வாய்ப்பு உண்டு. வாங்காத கடன் அறிக்கையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இந்தப் பதிவின் கனம் எவ்வளவு என்பதை நீதிமன்றங்களில் பார்க்கலாம். 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு மாணவரின் வழக்கு வந்தது. பழைய கடன் ஒன்றில் 16,667 ரூபாய் நிலுவை, இன்னொன்று வங்கியால் தள்ளுபடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதால் அவரது மதிப்பெண் தாழ்ந்திருந்தது. கல்விக் கடன் மறுக்கப்பட்டது. நாளைய நாட்டைக் கட்டப்போகும் மாணவர்களின் கல்விக் கடன் விண்ணப்பத்தை மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது என்று கூறி, தொகையை வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் எதிர்த் திசையில் ஒரு தீர்ப்பைத் தந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக நியமனம் பெற்ற ஒருவரின் பணி, பழைய கடன் தவறுதல்களால் ரத்தானது. கடன்களையெல்லாம் முன்பே கட்டிவிட்டதாக அவர் வாதிட்டார். பொதுப் பணத்தைக் கையாளும் வேலைக்கு இந்த நிபந்தனை நியாயமானதே என்று நீதிமன்றம் வங்கியின் முடிவை உறுதிசெய்தது. கடனோடு நிற்காமல் வேலைவாய்ப்பையும் தீர்மானிக்கிற அளவுக்கு ஓர் ஆவணம் வளர்ந்துவிட்டது என்றால், அதில் ஒரு வரிகூடத் தவறாக இருக்க அனுமதிக்க முடியாது.

கடன் கிடைத்தாலும் பதிவின் விலை தொடர்கிறது. பல வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியை மதிப்பெண்ணைப் பொறுத்தே நிர்ணயிக்கின்றன. 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய், 9.5 சதவீதத்தில் சுமார் 27,964 ரூபாய். முழுக் காலத்துக்கும் சேர்த்தால் வித்தியாசம் சுமார் 4.6 லட்சம். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது பிள்ளையின் கல்லூரிப் படிப்புச் செலவு.

திருத்தும் வழிகள் முன்பைவிட மேம்பட்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை என்று புகார் கொடுத்தால் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. அந்த 30 நாளில் வங்கிக்கு 21 நாள், மீதி தகவல் நிறுவனத்துக்கு. யாரிடம் தாமதமோ அவர்தான் தர வேண்டும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கொரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், கட்டி முடித்த கடன் பல மாதம் நிலுவையாகத் தொங்குவதற்குச் சாக்கு இல்லை. புகாருக்குப் பலனில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. உதவி எண் 14448.

வீடு வாங்கும் எண்ணம் வந்தவுடன் மனை பார்ப்பதற்கு முன்பே நான்கு அறிக்கைகளையும் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பிழை திருத்த ஒரு மாதம், திருத்தம் ஏற இன்னும் சில வாரம் என்று குறைந்தது மூன்று மாத அவகாசம் வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டுப் பார்ப்பவர் அந்தப் பணத்தை இழக்கும் அபாயத்தில் நிற்கிறார்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் கடன் வாங்குகிறவர் மேலேயே ஏற்றுவது அறமல்ல. எழுதுவது வங்கி, படிப்பது வங்கி, மறுப்பதும் வங்கி. மறுப்புக் கடிதத்தில் எந்தக் கணக்கு, எந்த மாதம், எவ்வளவு தொகை என்று குறிப்பிட்டுத் தருவதும், அறிக்கையைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கத்தை இணைப்பதும், இழப்பீட்டை மனுப் போடாமலே கணக்கில் சேர்ப்பதும் வங்கிகளால் முடியாத காரியங்கள் அல்ல. தமிழ்நாட்டின் மாநில அளவிலான வங்கியாளர்கள் குழுவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒருங்கிணைக்கிறது. அரசும் ரிசர்வ் வங்கியும் அதில் அமர்கின்றன. எத்தனை கோடி கடன் வழங்கப்பட்டது என்ற கணக்கோடு, கடன் பதிவைக் காரணம் காட்டி எத்தனை விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன, அந்த விண்ணப்பதாரர்களில் எத்தனை பேருக்கு எழுத்தில் காரணம் தரப்பட்டது என்ற கணக்கையும் மாவட்டவாரியாக அந்தக் குழு கேட்டு வெளியிட வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.