கை ஓங்காத கண்டிப்பு

இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2000 ஜனவரியில் ஒரு தாயின் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. தன் பிள்ளைகள் இருவரையும் செருப்பால் அடித்ததாகவும் அறைந்ததாகவும் கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என அறிவித்திருந்தது. திருத்துவதற்காகத்தான் அடித்தேன் என்பது அவர் வாதம். நீதிபதி டோரிட் பெய்னிஷ் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. எந்த நல்ல நோக்கத்துக்காக என்றாலும் பிள்ளையை அடிக்கும் உரிமை பெற்றோருக்குக் கிடையாது என்றது. 'அளவோடு' அடிக்கலாம் என்று 1953-ல் வந்த பழைய தீர்ப்பின் நிழலில்தான் அதுவரை அந்நாடு இருந்தது. அதே 2000-ல் அந்நாட்டு நாடாளுமன்றமும் 'நியாயமான தண்டனை' என்ற சட்டப் பாதுகாப்பை எடுத்துவிட்டது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. அதை எளிதாக ஒதுக்கிவிடவும் கூடாது. தெருவில் காரின் குறுக்கே ஓடிய பிள்ளைக்குப் பதற்றத்தில் ஒரு தட்டு தட்டிய தாயும் குற்றவாளியா, வீட்டுக்குள் காவலர் வந்து நிற்க வேண்டுமா என்ற கேள்விகள் நியாயமானவை. மகனைக் கண்டிக்கத் தயங்கும் தந்தை அவனை நேசிப்பவன் இல்லை என்ற பொருளில் விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் பேசுவதை நம்பி வளர்ந்தவர்கள், தங்கள் வாழ்க்கை முறையையே நீதிமன்றம் பழித்ததாக உணர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருப்பவர்கள்.

மறுதரப்பின் வாதமும் வலுவானது. கோபத்தில் இருக்கும் கைக்கு 'அளவு' தெரியாது. தெருவில் அடிபட்ட பெரியவருக்குக் காவல் நிலையம் இருக்கிறது. வீட்டில் அடிபட்ட ஐந்து வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அற்பமான சம்பவங்களுக்கெல்லாம் வழக்குத் தொடர வேண்டியதில்லை, அவற்றை வடிகட்டச் சட்டத்திலேயே வழி இருக்கிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. கோடு தெளிவாக இருக்கட்டும், அதைக் கையாள்வதில் நிதானம் இருக்கட்டும் என்ற இந்த அணுகுமுறை இரு தரப்பின் அச்சத்தையும் மதிப்பதாகவே தோன்றுகிறது.

இந்த விவாதம் யூத மரபுக்குப் புதிதும் அன்று. பெற்றோரை மதிப்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. தந்தை அமரும் இடத்தில் மகன் அமரக்கூடாது, அவர் சொல்லை முகத்துக்கு நேரே மறுக்கக்கூடாது, முதுமையில் உணவும் உடையும் தந்து பேண வேண்டும் என்றெல்லாம் யூதச் சட்ட மரபு நூலான தல்முத் வகுத்திருக்கிறது. ஆனால் அதே தல்முத்தில் இன்னொரு செய்தியும் வருகிறது. ரப்பி யூதா என்ற பெரும் தலைவரின் வீட்டில் வேலை செய்த பெண், ஒருவன் தன் வளர்ந்த மகனை அடிப்பதைக் கண்டாள். அந்த இடத்திலேயே, அந்தத் தந்தையைச் சமூகத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று அறிவித்தாள். அதன் காரணம் இதுதான்: அடிபட்ட மகன் திருப்பி அடித்தால், பெற்றோரை மதிக்க வேண்டும் என்ற கட்டளையை அவன் மீறியவன் ஆவான். அந்தப் பாவத்துக்கு அவனைத் தள்ளியவர் தந்தை. பார்வையற்றவர் நடக்கும் வழியில் தடை வைக்கக்கூடாது என்ற வேத விதியை மீறிய குற்றம் தந்தையையே சேரும். ஒரு வேலைக்காரப் பெண்ணின் தீர்ப்பை அறிஞர்கள் மதித்து ஏற்றுப் பதிவு செய்திருப்பது என்னை மிகவும் நெகிழவைக்கிறது.

இதை வைத்து அந்த மரபு அடியையே தடை செய்துவிட்டது என்று சொன்னால் அது நேர்மையாகாது. சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு ரவ் என்ற அறிஞர் தந்த அறிவுரை, அடித்தே ஆக வேண்டுமென்றால் செருப்பு வாரால் மட்டும் அடி என்பதுதான். பிரம்பை முற்றிலும் பிடுங்காமல், அதன் கனத்தைக் குறைத்துக்கொண்டே வந்த மரபு அது. வீட்டாரை மிதமிஞ்சி அச்சுறுத்தாதே என்றும் அது எச்சரித்தது. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஒருபடி மேலே போய், பிள்ளைகள்மேல் தாங்க முடியாத நுகத்தைச் சுமத்தாதே, உனக்கு வரவேண்டிய மரியாதையில் சிலவற்றை விட்டுக்கொடு, கண்டும் காணாததுபோல் இரு என்று சட்ட நூலிலேயே எழுதினார். மரியாதை காட்டுவது பிள்ளையின் கடமை என்றால், அந்த மரியாதையைப் பிள்ளையால் காட்ட முடிகிறபடி நடந்துகொள்வது பெற்றோரின் கடமை.

போலந்தின் யூத மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1912-ல் வார்சாவில் தொடங்கிய அநாதை இல்லத்தில், பெரியவர்களுக்கும் கடமை உண்டு என்ற இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த நீதிமன்றம் நடந்தது. அதன் சட்ட விதிகளில் மிகுதியானவை மன்னிப்பைப் பற்றியவை. கோர்ச்சாக்கின் மேலேயே பிள்ளைகள் வழக்குத் தொடுத்ததுண்டு, அவர் கட்டுப்பட்டார். 1942-ல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பியபோது, தப்ப வாய்ப்பிருந்தும் அவர்களைப் பிரியாமல் உடன் சென்றார்.

அப்படியானால் அடிக்காத பெற்றோர் என்னதான் செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தடையை மட்டும் பேசினால், சோர்ந்துபோன பெற்றோரைக் கைவிட்டதாகும். டெல் அவிவ் பல்கலைக்கழக உளவியலாளர் ஹைம் ஓமர் காட்டும் வழி நமக்கு அந்நியமானதில்லை. காந்தியின் அகிம்சைப் போராட்டத்திலிருந்து அவர் அதை எடுத்துக்கொண்டார். தம்பியை விடாமல் அடிக்கும் பன்னிரண்டு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். கோபம் தலைக்கேறிய நேரத்தில் பெற்றோர் எதுவும் செய்வதில்லை. எல்லோரும் அமைதியான பிறகு, தாயும் தந்தையும் அவன் அறைக்குள் போய் அமர்கிறார்கள். "இனி இதை ஏற்க மாட்டோம். இதற்கு நீ ஒரு வழி சொல்லும்வரை இங்கேயே இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அவன் கத்தினாலும் பதில் கத்துவதில்லை. வசை இல்லை, மிரட்டல் இல்லை. அவன் ஏதாவது வழி சொன்னால் எழுந்துவிடுகிறார்கள். சொல்லாவிட்டாலும் சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எழுந்துகொள்கிறார்கள், மறுபடி வருவதற்காக.

இந்த முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. விஷயத்தை வீட்டுக்குள் மூடி மறைக்காதீர்கள் என்கிறார் ஓமர். தாத்தா, பாட்டி, சித்தப்பா, குடும்ப நண்பர் என நம்பிக்கையான சிலரிடம் சொல்லச் சொல்கிறார். அவர்கள் அந்தப் பையனிடம் பேச வேண்டும். நடந்தது தெரியும், அது சரியில்லை, ஆனாலும் உன் பக்கம் இருக்கிறோம் என்று அவனுக்குப் புரியவைக்க வேண்டும். தனியாக நிற்கும் பெற்றோருக்குத்தான் கை ஓங்குகிறது.

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்கும்போது, யூதக் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசி கூறுவது வழக்கம். அந்த வாரம் எத்தனை சண்டை நடந்திருந்தாலும் ஆசி தவறுவதில்லை. கண்டிப்பு நிலைக்க வேண்டுமென்றால், அதற்கு அடித்தளமாக இப்படிப்பட்ட உறவு இருந்தாக வேண்டும்.

நம் இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் பள்ளிகளில் தடை செய்கிறது. வீட்டை அது தொடவில்லை. வீட்டுக்கும் சட்டம் வேண்டுமா என்பதில் நமக்குள் கருத்து வேறுபடலாம். அது நிதானமாகப் பேசப்பட வேண்டியது. அதற்கு முன்பே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. பள்ளிகள், பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை வீட்டுச் சிக்கல்களைப் பேச ஒதுக்கலாம். தாத்தா பாட்டிகள், "உங்களையெல்லாம் அடித்துத்தானே வளர்த்தோம்" என்பதைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, பேரப்பிள்ளையை ஒரு மாலை தங்களிடம் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்து பிள்ளை அழும்போது கதவை மூடிக்கொள்ளாமல், பழி சொல்லவும் போகாமல், "குழந்தையைக் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள், நீங்கள் ஒரு காபி குடியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.