இரவல் பெயரில் வந்த ஏதென்ஸ்

கி.பி. 529இல் பேரரசர் ஜஸ்டினியன், பழைய தெய்வங்களை வணங்குவோர் பாடம் சொல்லக் கூடாதென்று தடை விதித்தார். ஏதென்ஸில் பிளேட்டோவின் வழிவந்த பள்ளி முடங்கியது. அதன் தலைவர் டமாஸ்கியஸும் தோழர்களும் பாரசீக மன்னரிடம் அடைக்கலம் தேடிப் போனார்கள். கிறிஸ்தவம் கிரேக்கத் தத்துவத்தை வென்றதற்கு இந்த ஆண்டைத்தான் அடையாளமாகச் சொல்வது வழக்கம். மூன்றே ஆண்டுகள் கழித்து நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

532இல் இதே ஜஸ்டினியன் கான்ஸ்டான்டிநோபிளில் கூட்டிய சமய விவாதத்தில், ஒரு தரப்பார் தியொனீசியு எழுதியவை என்று சில நூல்களைச் சான்றாக நீட்டினார்கள். மார்ஸ் மேடையில் பவுல் பேசியதைக் கேட்டு விசுவாசியானவராக அப்போஸ்தலருடைய நடபடிகள் குறிப்பிடும் ஏதென்ஸ்காரர் அவர். எபேசு பேராயர் ஹைப்பேஷியஸ் மடக்கினார்: இவ்வளவு பழைய நூல்கள் என்றால் சபைத் தந்தையரான அத்தனாசியுவுக்கும் சிரிலுக்கும் தெரியாமல் போனது எப்படி? சரியான கேள்வி. எடுபடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ்கூட அந்தப் பெயரைப் பெருமதிப்போடு மேற்கோள் காட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டில் லோரென்சோ வல்லா மீண்டும் ஐயம் கிளப்பினார். 1895இல் ஸ்டிக்ல்மயர், கோக் என்ற இருவர் தனித்தனியே உண்மையை நிறுவினார்கள்: அந்நூல்களில் தீமை பற்றி வரும் பகுதி, 485இல் இறந்த புரோக்ளஸின் நூலை அடியொற்றியது. புரோக்ளஸோ கிறிஸ்தவத்தை ஏற்காதவர். அதே ஏதென்ஸ் பள்ளியின் தலைவராக இருந்தவர்.

இதை வெறும் போலிக் கையெழுத்து என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் விசுவாசியான பிறகும் தத்துவ ஆசிரியருக்குரிய மேலங்கியைக் கழற்றவில்லை. சாக்ரடீஸைத் தம்மவர் என்றே எழுதினார். ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன உறவு என்று சீறிய சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனும், ஆன்மா ஒருவகை உடலே என்று ஸ்டோயிக் தத்துவவாதிகளை ஒட்டித்தான் வாதிட்டார். அன்று கடன் வாங்கியவர்கள் சொந்தப் பெயரிலேயே வாங்கினார்கள், திட்டிக்கொண்டாவது. ஆறாம் நூற்றாண்டின் வாசலில் அதற்குத் துணிச்சல் போதவில்லை. ஏதென்ஸின் கடைசிப் பெரும் சிந்தனை சபைக்குள் நுழைய, பவுலின் சீடர் ஒருவரின் பெயர் தேவைப்பட்டது.

உள்ளே வந்தது சில்லறைச் சரக்கல்ல. கடவுள் எல்லாப் பெயர்களுக்கும் அப்பாற்பட்டவர், இல்லை இல்லை என்று விலக்கித்தான் அவரை அணுக முடியும் என்ற நெறி கிழக்கிலும் மேற்கிலும் துறவிகளின் தியானத்தில் ஊறியது. வானதூதர்களின் ஒன்பது அணிகளும் அப்படித்தான். அவற்றின் பெயர்கள் வேதாகமத்தவை. மும்மூன்றாக அடுக்கியதோ புரோக்ளஸிடம் பாடம் படித்த கை. எழுதியவர் பவுலின் சீடரல்ல என்பது 1895இல் உறுதியான பிறகும், கத்தோலிக்க மரபில் அந்த ஒன்பது அணிகள் வரிசை குலையவில்லை.